ஐந்நூறு ஒரிஜினலும் ஒரு திருட்டும்

“இதுல என் பேரப் போடணும் சார்.”

செந்தாமரை இப்படிச் சொன்னதும் நகரியப் பொழுதுபோக்கு நெறிப்படுத்தல் வாரியத்தின் கூட்ட அறையில் மின்விசிறி மட்டும்தான் பதறாமல் சுற்றியது. காண்ட்ராக்ட் ஆட்கள் சோப்புக் கேட்கலாம். பொங்கலுக்கு லீவு கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். துணிச்சல்காரர்கள் பர்மனென்ட் எப்போது ஆகும் என்றுகூடக் கேட்டதுண்டு. அதிகாரிகள் சிரிப்பார்கள், கேட்டவரும் கூடவே சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். ஆனால் செய்த வேலையில் தன் பேரைப் போடச் சொல்லி அந்த அறையில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் அம்மா மலர்கொடி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். “எதுனா சொன்னா செய்யி. செஞ்சிட்டு வந்துகினே இரு. இது நான் செஞ்சது, எம் பேரு எங்கன்னு மட்டும் வாயத் தொறந்துடாத.” மலர்கொடி டவுன்ஷிப்பில் தோட்ட வேலை செய்பவள், அவளும் காண்ட்ராக்ட்தான். அவள் வளர்க்கிற ரோஜாவுக்குத்தான் வருஷா வருஷம் மலர்க் கண்காட்சியில் முதல் பரிசு. கோப்பையை வாங்க, ரோஜா வளர்கிற அதிகாரி பங்களாவின் அம்மாள் பட்டுப்புடவையில் மேடை ஏறுவார். “பூ என்னுது, கப்பு அந்தம்மாவுது. அதுக்கோசரம் பூ பூக்காமயா போச்சு?” என்பாள் மலர்கொடி. கேட்கும்போதெல்லாம் மகளுக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலோடுதான் செந்தாமரை படித்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. அதற்குத் தாலுகா ஆபீஸில் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு வாரியத்தில் கணினி உதவியாளராகச் சேர்ந்தாள். உதவி என்றால் என்ன, யாருக்கு என்று வாரியம் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லாருக்கும் எல்லாம் செய்தாள்.

வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கும் அந்தச் சுரங்க நகரியத்தில் பொழுது தானாகப் போய்விடக் கூடாது, விதிப்படிதான் போக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. கேரம்போர்டுக்கு ஒரு பதிவேடு, கேரம்போர்டுப் பவுடருக்கு ஒரு பதிவேடு. தலைவர் சண்முகசுந்தரம், முதன்மைப் பொழுதுபோக்கு அலுவலர். அவர் பொழுதுபோக்கி யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அடுத்தவர் கோபாலகிருஷ்ணன், கண்காணிப்புப் பிரிவு, கோயம்புத்தூர்ப் பக்கம். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். மரியாதையாகவே மெமோ கொடுப்பார்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் போனும் கையுமாகத் திரிகிறார்கள் என்று புகார் வந்தபோது வாரியம் ஒரு முடிவெடுத்தது. போனுக்குப் பதிலாகக் கண்ணியமான ஒரு விளையாட்டுச் சாதனம். டெண்டர் விட்டார்கள். இருப்பதிலேயே மலிவாகக் கேட்டவன் கையடக்க வீடியோ கேம் பெட்டிகளை மூட்டை கட்டி அனுப்பினான். ஒரு பெட்டிக்குள் ஐந்நூறு கேம். கேம் ஒன்றின் விலை ஒரு வேர்க்கடலையைவிடக் குறைவு என்று சண்முகசுந்தரம் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டினார். அத்தனையும் எங்கிருந்தோ சுட்டது என்று பெட்டியைத் திறந்த மறுநிமிடமே செந்தாமரைக்குத் தெரிந்துவிட்டது. கார் ரேஸ் என்று அறுபது இருந்தது. அறுபதிலும் ஒரே கார், ஒரே ரோடு. காரின் நிறம் மட்டும் மாறியது.

பெட்டிகள் வந்திறங்கிய நேரம் ஆயுத பூஜை. சுரங்கத்தில் மலையைப் போல நிற்கிற மண்வெட்டும் மிஷினுக்கே சந்தனம் குங்குமம் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறோம், இதற்கு வைக்காவிட்டால் எப்படி என்றார் சண்முகசுந்தரம். நியாயம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் திரையில் மூன்று விரலால் சந்தனப் பட்டை, பட்டனுக்குப் பட்டன் குங்குமம். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைப்பது என்று சிறிது குழப்பம் வந்தது. மேலேயே வைத்து நசுக்கினார்கள். மறுநாள் ஒரு பெட்டியிலும் மேலே போகிற பட்டன் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் விளையாட்டில் கீழே மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

பட்டன்களைத் துடைத்துச் சரிபண்ணும் வேலை கணினி உதவியாளருக்கு வந்தது. துடைத்த பட்டன் நான்கு பக்கமும் அமுங்குகிறதா என்று பார்க்க அவள் சின்னதாக ஒரு கேம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப்பில், வீட்டில் உட்கார்ந்து எழுதியது. சின்னதாக ஆரம்பித்தது பெரிதாகிவிட்டது. வலப்பக்கத்திலிருந்து சுரங்க மிஷினின் பிரம்மாண்டமான வெட்டுச் சக்கரம் ஒன்று மண்ணைத் தின்றுகொண்டே வரும். அது வந்து சேர்வதற்குள் வீட்டிலிருக்கிற மாடு, கேஸ் சிலிண்டர், முந்திரி மூட்டை, டிவி, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓட வேண்டும். ரேஷன் கார்டை விட்டுவிட்டால் அடுத்த கட்டத்தில் பசியில் கால் தள்ளாடும். கொல்லைப் பலாமரத்தைத் தூக்கவே முடியாது. தூக்க நின்றால் சக்கரம் வந்துவிடும். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது தூக்க நின்றார்கள். ‘சக்கரம் வருது’ என்று பெயர் வைத்து எல்லாப் பெட்டியிலும் ஏற்றினாள்.

அடுத்த வாரத்திலிருந்து மற்ற ஐந்நூறை ஒருவரும் சீண்டவில்லை. சண்முகசுந்தரம்கூட விளையாடிப் பார்த்தார். “நல்லாருக்கும்மா. நம்ம மிஷின ரொம்ப கம்பீரமா காட்டியிருக்க. அந்த வீட்ட எந்தப் பட்டன் அமுக்கினா இடிக்கலாம்?”

“இடிக்க முடியாது சார். தப்பிச்சிதான் ஓடணும்.”

“அடுத்த கேம்ல அத சரிபண்ணிடு.”

அந்தச் சூட்டோடுதான் அவள் தன் பேரைப் போடச் சொன்னாள். முதல் திரையில், ஒரே ஒரு வரி.

சண்முகசுந்தரம் கோபப்படவில்லை. பாடம் எடுத்தார். “பேர் போடறதுக்கு ஒரு முறை இருக்கும்மா. நம்ம ஊர்க் கல்வெட்டெல்லாம் பார்த்திருப்பியே. பெரிய கிரேடுக்குப் பெரிய எழுத்து, சின்ன கிரேடுக்குச் சின்ன எழுத்து. உனக்கு கிரேடே இல்ல. கிரேடு இல்லாத பேர எந்த சைஸ்ல போடறது? நீயே சொல்லு.”

“கண்ணுக்குத் தெரியற சைஸ்ல போடுங்க சார்.”

“சிரமம்மா அது” என்றார் கோபாலகிருஷ்ணன், உண்மையான வருத்தத்தோடு. “இன்னைக்கு நீங்க கேப்பீங்க. நாளைக்குக் கட்டடம் கட்டுன கொத்தனாரு கேப்பாருங்க. அப்பறம் சுவருல அதிகாரிங்க பேருக்கு எடம் வேணுமில்லீங்களா?”

பேரில்லாமலே கேம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் திரை வெறும் கறுப்பு.

அப்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மென்பொருள் திருட்டு நாட்டைச் சீரழிக்கிறது, எல்லா வாரியங்களும் இரண்டு வாரம் விழிப்புணர்வு கொண்டாட வேண்டும். எதையும் கொண்டாடத் தெரிந்த வாரியம் இதையும் கொண்டாடியது.

முதல் நாள் உறுதிமொழி. எல்லாரும் வலக்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். போன மாதம் நீர் சேமிப்பு வாரம் நடந்திருந்தது. அந்த உறுதிமொழியில் நீர் என்று வந்த இடத்தில் மென்பொருள் என்று மாற்றியிருந்தார்கள். “மென்பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேமிப்பேன், பல் துலக்கும்போது திறந்து விடமாட்டேன்” என்று கூட்டம் முழங்கியது. அடுத்து குறும்படம். யாரோ தியேட்டருக்குள் ஒளிந்து எடுத்த பிரதி. நடுநடுவே ஒருவர் பாப்கார்னோடு திரையைக் கடந்து போனார். அவரும் படத்தில் நடித்தவர்தான் என்று பின்வரிசையில் முடிவுகட்டிவிட்டார்கள். படம் ஓடிய கம்ப்யூட்டரிலேயே போட்டிருந்தது கிராக் பண்ணிய மென்பொருள். திரையின் மூலையில், ‘நீங்கள் வைத்திருப்பது அசல்தானா? சரிபார்க்கவும்’ என்று எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. வாசகம் நன்றாக இருக்கிறதே என்று பலரும் கைதட்டினார்கள்.

சண்முகசுந்தரம் உரையாற்றினார். “பைரசின்னா என்ன? ஒருத்தர் ஊண் உறக்கம் பார்க்காம உழைச்சுச் செஞ்சத, இன்னொருத்தர் நோகாம எடுத்துத் தன்னுதுன்னு மேடை ஏறிச் சொல்றது. அதவிடக் கேவலம் உலகத்துல வேற இல்ல. இந்த உரைய நான் ரெண்டு நாள் உக்காந்து என் கையால எழுதினேன்.” பின்வரிசையில் செந்தாமரையின் உதடுகள் அவரோடு வரிக்கு வரி சேர்ந்து அசைந்தன. எழுதிக்கொடுத்தவளுக்கு மனப்பாடமாகத்தானே இருக்கும். கடைசி வாக்கியம் மட்டும் அவள் எழுதியதல்ல. அது அவருடைய சொந்தச் சரக்கு.

விழாவின் சிகரமாகச் சரிபார்ப்பு நடந்தது. பெட்டி விற்றவனே திருட்டைத் தடுக்கும் ஒரு பூட்டையும் அனுப்பியிருந்தான். அதை ஏற்றினால், முதல் திரையில் கம்பெனி முத்திரை உள்ள கேம் மட்டும்தான் திறக்கும். இல்லாதது திறக்காது. ஏற்றும்போதே பாதிப் பெட்டிகள் எந்தப் பட்டனுக்கும் அசையாமல் கல்லாகிவிட்டன. அவை முழுப் பாதுகாப்பு அடைந்துவிட்டதாக எழுதிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவற்றில் ஒவ்வொரு கேமாகத் திறந்து பார்த்தார்கள். கார் ரேஸ் அறுபதும் திறந்தது. ஐந்நூறும் திறந்தது. ‘சக்கரம் வருது’ திறக்கவில்லை.

“ஐந்நூறும் ஒரிஜினலுங்க சார்” என்று கோபாலகிருஷ்ணன் அறிவித்தார். “ஒண்ணே ஒண்ணுதான் திருட்டு.”

செந்தாமரைக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. “சார், அந்த ஐந்நூறும்தான் திருட்டு. எவனோ செஞ்சத அப்படியே நகல் எடுத்திருக்கான். எடுக்கும்போது முத்திரையும் சேர்ந்து வந்திருக்கு. திருடறவன் முத்திரைய மட்டும் வச்சிட்டா போவான்?”

“முத்திரை இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“இருக்குது.”

“அப்பறம் என்னங்க. உங்க கேம்ல இல்லியே.”

“என் பேரப் போடுங்கன்னு கேட்டேன். நீங்கதான் கூடாதுன்னீங்க!”

“கரெக்ட்டுங்க. பேரில்லாத பொருள் உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க? யாருகிட்டருந்து எடுத்தீங்கன்னு யோசிச்சு வைங்க. நாளன்னிக்கு விசாரணை.”

மரியாதையாகவே மெமோ வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் வாரியத்துக்கு ஒரு அவசரத் தேவை. ஒரிஜினல் என்று தேறிய பெட்டிகளில் ஒட்ட மினுமினுப்பு ஸ்டிக்கர் வேண்டும். வாங்கி வர ஆள் இல்லை. எனவே குற்றம் சாட்டப்பட்டவளையே அனுப்பினார்கள். செந்தாமரை பஸ் பிடித்துக் குள்ளஞ்சாவடி போனாள். அங்கே வெங்கடேஷ் மொபைல் கடையில் ‘ஒரிஜினல்’ என்று பொன்னெழுத்தில் மின்னும் ஸ்டிக்கர் ஷீட் ஷீட்டாகத் தொங்கியது. எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கடை வாசலில் கல்லூரிப் பையன்கள் அதே மாதிரி மலிவுக் கேம் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். “தூக்காதடா, மரத்த வுட்டுட்டு ஓடுடா” என்று ஒருவன் கத்தினான்.

அவள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். “இது எப்படி இங்க வந்துச்சு?”

“டவுன்ஷிப் பசங்க மெமரி கார்டுல ஏத்திகினு வந்தானுவக்கா” என்றான் வெங்கடேஷ். “அதான் இப்ப ஓடுது. எல்லாரும் இதத்தான் போட்டுக் குடுன்றான். ஒரே பேஜாரு என்னான்னா, பண்ணவன் பேரு இல்ல. எவன் பண்ணதுன்னு கேக்கறானுவ. நான் என்னாத்த சொல்றது?”

“நாந்தான் பண்ணேன்.”

வெங்கடேஷ் அவளை மேலும் கீழும் பார்த்தான். கழுத்தில் காண்ட்ராக்ட் அடையாள அட்டை. கையில் மஞ்சள் பை. “சும்மா இருக்கா. அப்படின்னா மூணாவது கட்டத்துல கெணறு எப்படித் தாண்டுவ, சொல்லு.”

“தாண்ட முடியாது. முந்திரி மூட்டையக் கெணத்துல போட்டுட்டு, அது மேல கால் வச்சிப் போவணும்.”

பையன்கள் தலையைத் தூக்கினார்கள். ஒருவன், “த்தா, இத்தினி நாளா தெரியலயேடா” என்று பக்கத்தில் இருந்தவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

“அடப் போக்கா!” வெங்கடேஷ் கல்லாவை விட்டு எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். “பேரு போடாம ஏன் வுட்ட? பேர போட்டு எனக்கு அனுப்பு, அதையே ஏத்தறேன். நான் திருடன்தான்க்கா, இல்லன்னு சொல்லல. ஆனா பேர மாத்தறவன் இல்ல.”

அவள் ஸ்டிக்கரோடு அவன் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் காலை, விசாரணைக்குப் போகிற வழியில், பூங்காவில் ரோஜாப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேம் பெட்டியை நீட்டினாள். அதில் அந்தப் பூட்டை அவள் ஏற்றவில்லை. முதல் திரையில், கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி. மலர்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ம. செந்தாமரை. ம-ன்னா? உங்கப்பா பேரு அந்த எழுத்து இல்லியே.”

“உம் பேரும்மா.”

மலர்கொடி அந்த முதல் எழுத்தை விரலால் தொட்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். “வேல போயிடும்டி.”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினுதான் நிக்கிறியா?” அவள் இன்னொரு தடவை திரையைப் பார்த்தாள். “அதுக்கு ஏன் எழுத்த இம்மாந்தூண்டு போட்டிருக்க? கொஞ்சம் பெருசா போட்டா என்னா?”

செந்தாமரை அங்கேயே, செடி மறைவில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். வெங்கடேஷுக்கு அனுப்பினாள். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம், பேரை மட்டும் எடுக்காதீர்கள் என்று கீழே எழுதினாள். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

விசாரணை அறையில் அவள் எதிர்பார்த்த முகங்கள் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். சண்முகசுந்தரம் உட்காரச் சொன்னார். ஒரு காண்ட்ராக்ட் ஆளை அந்த அறையில் உட்காரச் சொன்னால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

“மேலிடத்துப் பெரியவர் வீட்டுப் பேரன் அந்தச் சக்கர கேம் வெளையாடியிருக்கான்மா. வாரியத்துக்கு ஒரே பாராட்டு. அதனால அது திருட்டு இல்லன்னு முடிவு பண்ணியாச்சு.”

“ஆனா, சொந்தக்காரர் இல்லாம இருக்க முடியாதுங்க” என்றார் கோபாலகிருஷ்ணன். “அதனால வாரியம் பெரிய மனசு பண்ணி ஏத்துக்குது. நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும். வாரியம் சொல்லச் சொல்ல நகலெடுத்து எழுதினேன்னு. காண்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சாச்சுங்க.”

“என் லேப்டாப்ல, என் வூட்ல உக்காந்து எழுதினது சார் அது.”

“வீட்டுல கரண்ட் இருக்கா?” என்றார் சண்முகசுந்தரம் கனிவாக.

“இருக்கு.”

“கரண்ட் எங்கேர்ந்து வருது? நம்ம ஊர்லேர்ந்து. அப்ப அதுல செஞ்சது யாருது? இந்தக் கணக்குப்படி பார்த்தா இந்த மாநிலத்துல எழுதற கதை, பாட்டு எல்லாமே வாரியத்துக்குத்தான் சேரணும். நாம கேக்கறதில்ல. பெருந்தன்மை.”

காகிதத்தை அவள் முன்னால் தள்ளினார்கள். பேனாவைத் திறந்தும் வைத்தார்கள். அவள் கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் சந்தேகமில்லாததால் முக்கியமான விஷயத்துக்குப் போய்விட்டார்கள். முதல் திரையில் யார் யார் பேர் வருவது?

“தலைவர் பேரு மொதல்லீங்க.”

“கௌரவத் தலைவர் பேர் அதுக்கு மேல. போன தலைவர் காலத்துல டெண்டர் விட்டது, அவர் பேரையும் விட முடியாது.”

“பூஜைக்குச் சந்தனம் ஏற்பாடு பண்ணுன செயலாளருங்க?”

பேர்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் பதவி, பட்டம், கிரேடு. திரை உள்ளங்கையளவுதான். ஒருவர் பின் ஒருவராக வரவிடலாம் என்றார் கோபாலகிருஷ்ணன். அப்படி விட்டால் கேம் ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு ஆட்சேபம் எழுந்தது. கேம் கட்டாயம் ஆரம்பிக்கத்தான் வேண்டுமா என்று சண்முகசுந்தரம் கேட்டார். கோபாலகிருஷ்ணன் அதையும் குறித்துக்கொண்டார்.

செந்தாமரை பேனாவை மூடி வைத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள். எழுந்தாள்.

“பேர் போட்டாச்சு சார்.”

“எங்க?”

“குள்ளஞ்சாவடியில. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கும் இந்நேரம் போயிருக்கும்.”

சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபமில்லை, நிஜமான திகைப்புத்தான் இருந்தது. “யாரு அப்ரூவ் பண்ணது?”

செந்தாமரை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றும் வெயிலில் ஒரிஜினல் ஒரிஜினல் என்று மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே, “ஏனுங்க சார், பதவிக்குப் பின்னால வர்ற பொறுப்புங்கிறத மட்டும் அடைப்புக்குறிக்குள்ள ‘பொ’ன்னு போட்டா எடம் மிச்சமாகுமுங்களே” என்று கோபாலகிருஷ்ணன் சொல்வது கேட்டது. அவள் நிற்கவில்லை. படியிறங்கி, கேட்டைத் தாண்டி, பஸ் வருகிற பக்கமாக நடந்தாள்.